பிளஸ் டூவில் 90 சதவீதம் எடுத்தும் மத்திய அரசு மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை. எங்கே தவறுகிறது?

கேள்வி: வகுப்பாசிரியை

வணக்கம். அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி, தமிழ்வழி. பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் மெரிட் உதவித்தொகை பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். என்.எஸ்.பி. எனும் தேசிய உதவித்தொகைத் தளத்தில் 'பி.எம். யு.எஸ்.பி. சி.எஸ்.எஸ்.எஸ்.' என்ற பெயரில் இருக்கும் திட்டம்தான். தெரிந்தவர்கள் திருத்திச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தவறான தகவல் போகாது.

1. "80க்கு மேல் எடுத்தால் கிடைக்கும்" என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் உயிரியல் பிரிவில் 541 எடுத்த மாணவிக்கு வரவில்லை, கலைப் பிரிவில் 490 எடுத்தவளுக்கு வந்திருக்கிறது. இது எப்படி?

2. விண்ணப்பம் 'டிஃபெக்டிவ்' என்று காட்டினால் நிராகரித்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

3. தேர்வான பிறகும் பணம் வராதவர்கள் இருக்கிறார்கள். "பேங்க்கில் ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று சொல்கிறார்கள். பிறகு எங்கே நிற்கிறது?

4. புதுமைப் பெண் வாங்கும் பிள்ளை இதற்கும் போடலாமா?

5. மதிப்பெண் அடிப்படையில் வேறு என்னென்ன அரசு உதவித்தொகைகள் உண்டு?

---

பதில் 1: கல்லூரி நோடல்

வணக்கம் டீச்சர். கல்லூரியில் இந்த விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் நோடல் அலுவலர் நான். முதல் கேள்விக்கு விரிவாகவே சொல்கிறேன். பிள்ளைகள் நம்பி ஏமாறும் இடம் அதுதான்.

திட்டத்தில் இருப்பது 80 சதவீதம் அல்ல, 80ஆவது பர்சன்டைல். அந்த ஆண்டு, அந்த வாரியத்தில், அந்தப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால் மேலே இருக்கும் 20 சதவீதம் பேருக்குள் மாணவி வர வேண்டும். அறிவியல் பிரிவில் ஒரு லட்சம் பேர் தேர்ச்சி பெற்றால் முதல் இருபதாயிரம் பேர். இருபதாயிரமாவது ஆள் 600க்கு எவ்வளவு எடுத்திருக்கிறாரோ அதுதான் கட்-ஆஃப். அது 480 ஆகவும் இருக்கலாம், 530 ஆகவும் இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு மாறும், பிரிவுக்குப் பிரிவும் மாறும். வாரியவாரியாக, பிரிவுவாரியாகக் கட்-ஆஃப் பட்டியல் வெளியாகும். அதில் தமிழ்நாடு மாநில வாரியத்தின் வரியைப் பார்த்துச் சொல்லுங்கள். சி.பி.எஸ்.இ. வரியைப் பார்த்துவிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

இனி இரண்டாவது படி. இதைப் பலரும் சொல்வதே இல்லை. கட்-ஆஃபைத் தாண்டினால் விண்ணப்பிக்கும் தகுதி வருகிறது, அவ்வளவுதான். உதவித்தொகை தருவது தகுதிப் பட்டியலில் இடம் இருக்கும் வரைதான். நாடு முழுவதற்கும் ஆண்டுக்குப் புதிதாக 82,000 பேர். அதில் பாதி மாணவியருக்கு. சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பங்கை முதலில் பிரித்துவிட்டு, மிச்சத்தை மாநில வாரியங்களுக்கு 18 முதல் 25 வயது மக்கள்தொகைக் கணக்கில் பகிர்கிறார்கள். ஒவ்வொரு வாரியத்தின் பங்கும் அறிவியல், வணிகவியல், கலை என மூன்றாக, 3:2:1 விகிதத்தில் போகிறது.

கணக்கு புரிவதற்காக ஒரு வாரியத்துக்கு 600 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவியலுக்கு 300, அதில் மாணவியருக்கு 150. வணிகவியலுக்கு 200, மாணவியருக்கு 100. கலைக்கு 100, மாணவியருக்கு 50. இதற்குள்ளேதான் எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27 சதவீத இட ஒதுக்கீடும், எல்லாப் பிரிவிலும் குறுக்காக மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதமும் வருகின்றன. அறிவியல் படித்து 500க்கு மேல் எடுக்கும் பிள்ளைகள் நம் மாநிலத்தில் ஏராளம். கலைப் பிரிவில் அந்த அளவு நெரிசல் கிடையாது. உங்கள் 541க்கும் 490க்கும் நடந்தது இதுதான். இரண்டு பேரும் வேறு வேறு வரிசையில் நின்றார்கள்.

பிரிவு என்பது பிளஸ் டூவில் படித்த பிரிவு. உயிரியல் படித்துவிட்டுக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தாலும் அந்தப் பெண் அறிவியல் வரிசையில்தான் நிற்பாள். இதைக் குறிப்பில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் 8 லட்சம் என்று இருக்கும், அது மாறிவிட்டது. வருமானம் வாசல் மட்டும்தான். உள்ளே போனபின் 60,000 ரூபாய் வருமானமும் 4 லட்சம் வருமானமும் ஒன்றே. வரிசை மதிப்பெண்ணை வைத்துத்தான்.

கல்லூரியில் ரெகுலராகச் சேர்ந்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்வி, அஞ்சல்வழி, டிப்ளமோ மூன்றுக்கும் கிடையாது. கல்லூரிக்கு ஏ.ஐ.எஸ்.எச்.இ. எண் (உயர்கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு தரும் அடையாள எண்) இருக்க வேண்டும்.

தொகை: இளநிலையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000. முதுநிலையில் ஆண்டுக்கு ரூ.20,000. பொறியியல், மருத்துவம், ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு என்றால் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளுக்கு ரூ.20,000. ஆக பி.இ. படித்தால் நான்கு ஆண்டில் 56,000. பி.எஸ்சி. முடித்து எம்.எஸ்சி.யும் படித்தால் ஐந்து ஆண்டில் 76,000. இளநிலையில் வாங்கியவர் முதுநிலைக்குப் புதிதாகப் போட்டியிட வேண்டியதில்லை, புதுப்பித்தலாகவே தொடரும். அதனால்தான் முதலாண்டு விண்ணப்பத்தை விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். அன்றைக்கு விட்டது 12,000 அல்ல, 76,000.

புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ராகிங் உள்ளிட்ட ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் மாணவியே தளத்துக்குள் போய்ப் புதுப்பித்தல் விண்ணப்பம் போட வேண்டும். "ஒருமுறை வந்துவிட்டது, இனி தானாக வரும்" என்று இருந்து இரண்டாம் ஆண்டுத் தொகையை இழப்பவர்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் உண்டு.

இரண்டாவது கேள்வி. டிஃபெக்டிவ் என்றால் நிராகரிப்பு அல்ல. "இன்ன இடத்தில் பிழை இருக்கிறது, திருத்தி அனுப்பு" என்று கல்லூரி திருப்பி அனுப்பியிருக்கிறது. காரணம் அங்கேயே எழுதியிருக்கும். மாணவி உள்ளே போய்த் திருத்தி, மறுபடி இறுதியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அதற்குத் தனிக் கடைசித் தேதி உண்டு. அந்தத் தேதி தாண்டினால் அந்த ஆண்டு அத்தோடு முடிந்தது. ரிஜெக்டட் என்று வந்தால்தான் கதவு மூடியது. எனவே விண்ணப்பம் போட்டபின் வாரம் ஒருமுறை நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். விண்ணப்பத்தில் கொடுத்த எண் பல நேரம் பிரவுசிங் சென்டர்காரருடையதாக இருக்கிறது.

நாங்கள் திருப்பி அனுப்பும் காரணங்களில் அடிக்கடி வருபவை: வருமானச் சான்று காலாவதி, வருமானச் சான்றில் உள்ள தொகையும் விண்ணப்பத்தில் எழுதிய தொகையும் வேறு, பிளஸ் டூ பதிவெண் தவறு, பாடப்பிரிவைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது. பதிவெண் முக்கியம். மதிப்பெண் பட்டியலில் டி.எம்.ஆர். எண் முதலாகப் பல எண்கள் இருக்கும். தேர்வு எழுதிய பதிவெண்ணைத்தான் இட வேண்டும். வாரியம் கொடுத்த தகவலோடு ஒத்துப்பார்ப்பது அந்த எண்ணை வைத்துத்தான். ஓர் இலக்கம் பிசகினால் 580 எடுத்த பிள்ளையும் பட்டியலில் இருக்க மாட்டாள்.

கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரே பெயரில் கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, கல்வியியல் கல்லூரி என மூன்று இருக்கும். தவறான கல்லூரிக்குப் போன விண்ணப்பம் எங்கள் கணக்கில் தெரியவே தெரியாது. அங்கே யாருக்கும் அந்தப் பிள்ளையைத் தெரியாது. அப்படியே கிடந்து காலாவதியாகும். ஏ.ஐ.எஸ்.எச்.இ. எண்ணைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, அதை வைத்துத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு. படிப்பின் பெயர் பட்டியலில் வரவில்லை என்றால் மாணவி ஒன்றும் செய்ய முடியாது, கல்லூரிதான் தன் கணக்கில் சேர்க்க வேண்டும். உடனே அலுவலகத்தில் சொல்ல வேண்டும். கடைசி நாளில் வந்து சொன்னால் எங்கள் கையிலும் நேரம் இருக்காது.

---

பதில் 2: இ-சேவை மையம்

நோடல் சார் சொன்னதுக்கு முன்னாடி நடக்க வேண்டிய வேலையை நான் சொல்றேன் டீச்சர். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே இதையெல்லாம் ஆரம்பிச்சிடணும்.

வருமானச் சான்று: இ-சேவையில ஆர்.இ.வி.-103ங்கிற சேவை எண். கட்டணம் 60 ரூபாய். முதல் தடவைன்னா சி.ஏ.என்.ங்கிற குடிமக்கள் அணுகல் எண் பதியணும், அதுக்கு அப்பா அல்லது அம்மாவோட ஆதார், போன்ல ஓ.டி.பி. வேணும். குடும்ப அட்டை, ஆதார், போட்டோ, சம்பளம் வாங்குறவங்கன்னா சம்பளச் சான்று, கூலி வேலைன்னா உறுதிமொழி. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. பார்த்துட்டு தாசில்தார் அலுவலகம் வரைக்கும் போகும். இடையில யாராவது திருப்பி அனுப்பினா நம்ம பக்கம் 'ரிட்டர்ன்'னு காட்டும். அதைக் கவனிக்காம "இன்னும் வரலை"ன்னு காத்திருக்கிறவங்க அதிகம். சான்று ஒரு வருஷம்தான் செல்லும். போன வருஷம் பள்ளியில எடுத்ததை வெச்சு ஒப்பேத்தலாம்னு நினைக்க வேண்டாம்.

பி.சி., எம்.பி.சி. பிள்ளைங்க கவனிக்கணும். நம்ம சாதிச் சான்று மாநிலப் பட்டியலுக்கானது. இது மத்திய அரசு திட்டம், ஓ.பி.சி.ன்னு கேட்கும். ஓ.பி.சி. சான்றும் இ-சேவையிலேயே தனியா விண்ணப்பிக்கலாம், முன்கூட்டியே எடுத்து வெச்சுக்கிறது நல்லது.

அடுத்தது ஓ.டி.ஆர்., அதாவது ஒருமுறைப் பதிவு. என்.எஸ்.பி.யில இது இல்லாம விண்ணப்பத்தையே தொட முடியாது. முதல்ல மொபைல் எண், ஆதார் குடுத்தா ஒரு ரெஃபரன்ஸ் எண் வரும். நிறைய பேர் அதையே ஓ.டி.ஆர்.னு நினைச்சு நிறுத்திடறாங்க. அது ஓ.டி.ஆர். இல்லை. ஆண்ட்ராய்டு போன்ல என்.எஸ்.பி. ஓ.டி.ஆர். ஆப்பும், ஆதார் ஃபேஸ்-ஆர்.டி. ஆப்பும் ரெண்டையும் இறக்கி, முகத்தைக் காட்டி உறுதி செய்யணும். அதுக்குப் பிறகுதான் 14 இலக்க ஓ.டி.ஆர். எண் வரும்.

முகம் ஒத்துக்கலைன்னு வருதா? பெரும்பாலும் ஆதார்ல இருக்கிறது அந்தப் பிள்ளையோட ஏழு, எட்டு வயசு போட்டோ. 15 வயசுல கட்டாயமா செய்ய வேண்டிய பயோமெட்ரிக் புதுப்பிப்பை செய்யாம விட்டிருப்பாங்க. ஆதார் மையத்துக்குப் போய்ப் புதுப்பிச்சுட்டு வரணும், அது ஏற சில நாள் ஆகும். விண்ணப்பக் கடைசித் தேதி நெருங்கும்போது வந்து நின்னா நாங்க எதுவும் பண்ண முடியாது. டீச்சர், உங்க குறிப்புல ஒரே ஒரு வரிக்குத்தான் இடம்னா இந்த ஆதார் புதுப்பிப்பைப் போடுங்க. பிள்ளைங்க ப்ளஸ் ஒன் படிக்கும்போதே முடிச்சு வெச்சுடலாம்.

எட்டாவதுல என்.எம்.எம்.எஸ். தேர்வெழுதி உதவித்தொகை வாங்கின பிள்ளைக்கு ஏற்கெனவே ஓ.டி.ஆர். இருக்கலாம். அதையேதான் பயன்படுத்தணும். ஒரே ஆதார்ல ரெண்டாவது வராது. அப்போ குடுத்த மொபைல் எண் பள்ளி ஆசிரியரோடதா இருந்திருக்கும், ஓ.டி.பி. அவருக்குப் போகும். இதை முதல்லயே பார்த்து எண்ணை மாத்திக்கணும்.

கடைசியா இனிஷியல். நம்ம ஊர்ல இது தீராத தலைவலி. மதிப்பெண் பட்டியல்ல 'கவிதா எம்', ஆதார்ல 'கவிதா முருகன்', வங்கியில 'எம் கவிதா'. மூணும் ஒரே ஆள்தான்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கல்லூரி சேர்க்கைக்கு முன்னாடியே ஆதாரை மதிப்பெண் பட்டியல்படி மாத்திடுங்க, வங்கியில ஆதார்படி மாத்திடுங்க. இந்த வரிசையில செய்தா ஒரு தடவையில முடியும்.

---

பதில் 3: கிளை வங்கி

மூன்றாவது கேள்விக்கு மட்டும்.

"ஆதார் லிங்க்" என்று வாடிக்கையாளர் சொல்வதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. கணக்கு தொடங்கும்போது கே.ஒய்.சி.க்காக ஆதார் எண்ணைப் பதிவு செய்வது ஒன்று. அரசுப் பணம் இந்தக் கணக்கில்தான் வர வேண்டும் என்று என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் தேசிய நிறுவனம்) அட்டவணையில் ஏற்றுவது இன்னொன்று, அதற்கு ஆதார் சீடிங் என்று பெயர். முதலாவது முடிந்திருந்தால் இரண்டாவதும் முடிந்ததாக அர்த்தம் இல்லை. வங்கியில் இதற்கென்று உள்ள ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

என்.பி.சி.ஐ. அட்டவணையில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்கும். கடைசியாக எதை ஏற்றினார்களோ அது. மாணவிக்குப் பள்ளிக் காலத்தில் தொடங்கிய கணக்கு ஒன்று, கல்லூரி சொல்லித் தொடங்கிய கணக்கு ஒன்று, தபால்காரர் வீட்டுக்கு வந்து தொடங்கிக் கொடுத்த அஞ்சல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு ஒன்று என மூன்று இருக்கலாம். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை மனதில் வைத்திருந்தாலும் பணம் சீடிங் ஆன கணக்குக்குத்தான் போகும். "வரவில்லை" என்று புகார் சொல்லும் பணம் சில நேரம் மறந்துபோன கணக்கில் அமைதியாகக் கிடக்கும்.

பார்க்கும் முறை: மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. மூலம் நுழைந்து 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்பதைத் திறந்தால் வங்கியின் பெயரும், ஆக்டிவ் அல்லது இன்ஆக்டிவ் என்பதும் தெரியும். அங்கே வரும் வங்கி எது என்று பார்த்து, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கு, 18 வயது முடிந்தும் மைனர் கணக்காகவே இருப்பது, கே.ஒய்.சி. புதுப்பிக்காதது என எதுவாக இருந்தாலும் பணம் திரும்பிப் போகும். பணம் அனுப்பியாயிற்றா என்பதை மத்திய அரசின் பணப் பட்டுவாடாத் தளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் 'நோ யுவர் பேமென்ட்' பகுதியில் பார்க்கலாம். தோல்வி என்று காட்டினால் அதற்குரிய காரணத்தைப் பிரதி எடுத்துக் கிளைக்குக் கொண்டு வாருங்கள். "வரலை சார்" என்று மட்டும் சொன்னால் எங்களால் தேடிச் சொல்வது கடினம்.

பெற்றோர் கணக்கு கூடாது. கூட்டுக் கணக்கையும் தவிர்த்துவிட்டு மாணவியின் பெயரிலேயே தனிக் கணக்கு இருக்கட்டும்.

---

வகுப்பாசிரியை

மூவருக்கும் மிக்க நன்றி. என் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது, பரவாயில்லை. ஆதார் புதுப்பிப்பை முதல் வரியாகப் போட்டுவிட்டேன்.

நோடல் ஐயா, நான்காவது கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. புதுமைப் பெண் மட்டுமல்ல, முதல் பட்டதாரிச் சலுகையில் பொறியியல் சேர்ந்த பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

---

பதில் 4: கல்லூரி நோடல்

டீச்சர், இதில் இரண்டு அரசுகளின் விதி இரண்டு விதமாக இருக்கிறது. அதனால் ஒற்றை வார்த்தையில் "ஆம், இல்லை" என்று சொல்லாமல் விதியையே சொல்கிறேன்.

மாநில அரசின் பக்கம்: புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாதம் ரூ.1,000. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு என்று ஆரம்பித்து, 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். எனவே உங்கள் பிள்ளைகளும் அதில் வருகிறார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதைக் கூடுதலாகப் பெறலாம் என்றுதான் அந்தத் திட்டம் சொல்கிறது.

மத்திய அரசின் பக்கம்: சி.எஸ்.எஸ்.எஸ். விதி, மத்திய, மாநில அரசுகளின் வேறு உதவித்தொகையோ கட்டண விலக்கோ கட்டணம் திரும்பப் பெறும் திட்டமோ பெறுகிறவருக்கு இது கிடையாது என்கிறது. விண்ணப்பிக்கும்போது மாணவி அதற்கு உறுதிமொழி கொடுக்கிறாள்.

எனவே ஒரு திட்டம் அனுமதிக்கிறது என்பதை வைத்து மற்றதற்குக் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள். உறுதிமொழி பொய் என்று பின்னால் தெரிந்தால் பணத்தைத் திரும்பக் கட்ட வேண்டியது அந்தப் பிள்ளைதான். கல்லூரியின் நோடல் அலுவலரிடம் எழுத்திலேயே கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000. இளநிலை மூன்று ஆண்டுகளுக்கு இரண்டும் சமம். புதுமைப் பெண்ணுக்குத் தகுதிப் பட்டியல் போட்டி கிடையாது, மாதாமாதம் கைக்கு வரும். பேருந்துச் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டைக் கேட்காமல் இருக்கலாம். மத்திய அரசுத் தொகை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து தாமதமாக வரும். அதை நம்பிக் கல்லூரிக் கட்டணத்துக்குத் தவணை சொல்லக் கூடாது. ஆனால் பொறியியல், மருத்துவம், அல்லது நிச்சயமாக எம்.எஸ்சி. வரை போவேன் என்கிற பிள்ளைக்கு நான்காம் ஆண்டிலிருந்து 20,000 என்பது பெரிய வித்தியாசம். வீட்டு நிலைமை தெரிந்த ஆசிரியராக நீங்கள் பேசினால் அந்தப் பிள்ளைக்குப் புரியும்.

முதல் பட்டதாரிச் சலுகை கட்டண விலக்குதான். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணத்தையே அரசு ஏற்கிறது, அதுவும் அப்படியே. இந்த இரண்டிலும் கிடைக்கும் பலன் பெரும்பாலான பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுக்கு 12,000த்தை விடப் பெரியது. அவற்றை விட்டுவிட்டு இதற்கு வருவது நஷ்டம்.

---

பதில் 5: அறிவியல் துறை

ஐந்தாவது கேள்விக்கு. மெரிட் என்றால் சி.எஸ்.எஸ்.எஸ். மட்டும்தான் என்று பள்ளிகளில் நினைக்கிறார்கள். உங்கள் உயிரியல், கணிதப் பிரிவுப் பிள்ளைகளில் முதல் வரிசையில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பல மடங்கு பெரியது ஒன்று உண்டு: மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உயர்கல்வி உதவித்தொகை. ஆண்டுக்கு மொத்தம் ரூ.80,000. அதில் மாதம் 5,000 வீதம் 60,000 நேரடியாக, மீதி 20,000 கோடை ஆய்வுப் பணிக்காக. ஐந்து ஆண்டு வரை.

வாரியத்தில் முதல் 1 சதவீதத்துக்குள் வர வேண்டும். வயது 17 முதல் 22. குடும்ப வருமான வரம்பு இல்லை. ஆனால் படிப்பில் கண்டிப்பு உண்டு: இயற்கை, அடிப்படை அறிவியலில் பி.எஸ்சி., பி.எஸ்., ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. மட்டும். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல், புள்ளியியல், நிலவியல், தாவரவியல், விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், எலக்ட்ரானிக்ஸ், மானுடவியல் போன்ற 18 பாடங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை, பயோடெக்னாலஜியும் இல்லை. பொறியியலும் மருத்துவமும் இல்லவே இல்லை. மே மாதம் பாடம் தேர்ந்தெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. 590 எடுத்த பிள்ளை 'பி.எஸ்சி. சி.எஸ்.' சேர்ந்தபிறகு டிசம்பரில் இன்ஸ்பயர் பற்றிக் கேள்விப்படுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கும். அந்தப் படிப்புத்தான் வேண்டும் என்று தெரிந்தே சேர்ந்தால் சரி. தெரியாமல் சேர்வதுதான் தவறு.

விண்ணப்பம் என்.எஸ்.பி.யில் அல்ல, இன்ஸ்பயருக்கென்று தனித் தளம் உண்டு. கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட படிவம், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வேண்டும். அந்த ஆண்டின் அறிவிப்பு வந்ததும் தேதியை அதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் போகும் பெண்களுக்கு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை. ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. முதலாண்டிலோ, டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டிலோ சேர்ந்திருக்க வேண்டும். கல்லூரி ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கும் தனி இடங்கள் உண்டு. மாற்றுத்திறனாளி மாணவ மாணவியருக்கு அதே தொகையில் சக்ஷம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு 2023 முதல் நடக்கிறது. அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிப்பவர்கள் எழுதலாம். 500 மாணவர், 500 மாணவியர் என 1,000 பேருக்கு, கல்வியாண்டுக்கு ரூ.10,000 வீதம் இளநிலைப் பட்டம் முடிக்கும் வரை. உங்கள் பள்ளி உதவிபெறும் பள்ளி என்பதால் உங்களுக்கு வராது. பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் சொல்லுங்கள்.

---

வகுப்பாசிரியை

பாடம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இன்ஸ்பயர் பட்டியலைக் காட்ட வேண்டும் என்பது எனக்கு இதுவரை தோன்றவில்லை. மே மாத ஆலோசனைக் கூட்டத்திலேயே வைத்துவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: பழைய மாணவி ஒருத்தி இரண்டாம் ஆண்டு போயிருக்கிறாள். புதுப்பித்தலுக்குப் பதிலாகப் புதிய விண்ணப்பம் என்று போட்டிருக்கிறாள். சரிசெய்ய முடியுமா?

---

பதில் 6: கல்லூரி நோடல்

நாளையே கல்லூரி அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். கல்லூரி இன்னும் சரிபார்க்கவில்லை என்றால் முதலில் மாணவியே தன் கணக்கில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் வசதி திறந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் நோடல் அலுவலரிடம் சென்ற ஆண்டின் விண்ணப்ப எண்ணையும் இந்த ஆண்டு போட்ட எண்ணையும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்கட்டும். சரிபார்த்து மேல்நிலைக்கு அனுப்பிவிட்டால் கல்லூரியின் கையில் இருக்காது. புதிய விண்ணப்பமாகப் போனால் முதலாண்டு அல்லாததால் அது அங்கே விழுந்துவிடும். போகும்போது முதலாண்டு மதிப்பெண் பட்டியலையும் 75 சதவீத வருகைச் சான்றையும் கையோடு கொண்டு போகட்டும்.